கூரை முதலில், ஊர் பிறகு

இலங்கைத் தோட்ட முதலாளிகளுக்காக ஆள் சேர்க்க 1904-இல் ‘சிலோன் லேபர் கமிஷன்’ உருவானபோது, அதன் தலைமையகம் கொழும்பிலோ சென்னையிலோ அமையவில்லை, திருச்சிராப்பள்ளியில் அமைந்தது. திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, ராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டை சமஸ்தானத்திலிருந்தும்தான் தேயிலைத் தோட்டங்களுக்குப் பெரும்பாலோர் போனார்கள். இவற்றுக்கெல்லாம் நடுவில், ரயில் தடங்கள் கூடும் இடத்தில் இருந்தது திருச்சி. தோட்டத்தில் மேற்பார்வை செய்யும் கங்காணி தன் ஊருக்கு வந்து ஆட்களைத் திரட்டுவார். சேர்ந்தவருக்குத் தகரத்தில் ஒரு வில்லை கொடுக்கப்படும். அதில் பொறித்திருக்கும் எழுத்தும் எண்ணும் அவர் எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்பதைச் சொல்லும். வழிச்செலவு முழுவதும் அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு பயணம் சுருங்கியது. ஆனால் வில்லையில் இருந்த எண்ணை மாற்றிக்கொள்ளும் உரிமை மட்டும் யாருக்கும் இல்லை.

மலையில் அவர்களுக்குக் காத்திருந்தது லயம். வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள், ஓர் அறை 10 அடிக்கு 12 அடி, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. சில நேரம் அதே அறையில் இரண்டு குடும்பங்கள். வாடகை கிடையாது. அந்த வாடகையில்லாத கூரைக்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக விலை கொடுக்க வேண்டியிருந்தது. அறை தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டால் அறையையும் விட வேண்டும். கங்காணியிடம் பட்ட கடனைத் தீர்த்தால்தான் ஆட்களை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிந்தது. லயம் ஒழியவில்லை. இலங்கை மலையகத்தில் இன்றைக்கும் சொந்த நிலம், சொந்த வீடு என்ற கோரிக்கை முதல் வரிசையில் நிற்பது அதனால்தான்.

போனவர்களின் பேரப்பிள்ளைகளில் கணிசமானோர் 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று அப்போது முடிவானது. வந்தவர்களை முதலில் தங்கவைத்த முகாம்களில் ஒன்று மண்டபம், இன்னொன்று திருச்சி கொட்டப்பட்டு. வருவதற்கு முன்பே கையில் கொடுக்கப்பட்ட குடும்ப அட்டையில் அவர்களுடைய மறுவாழ்வுத் திட்டம் எழுதப்பட்டிருந்தது: தேயிலைத் தோட்டமா, நூற்பாலையா, வியாபாரக் கடனா. பார்த்தே இராத நாட்டில், தெரியாத ஊரை, ஒரு காகிதத்தை வைத்து முடிவு செய்ய வேண்டிய நிலை. அந்தக் கொட்டப்பட்டு முகாம் இருப்பது இன்றைய திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில்.

வெளிநாடு போவதைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சில் சம்பளம் வரும், விசா வரும், ஏஜென்டுக்குக் கொடுத்த பணம் வரும். எங்கே படுப்பது, யாருடைய வீட்டில், எந்த நிபந்தனையில் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. பல நேரம் வருவதே இல்லை. திருச்சி வட்டாரத்தின் நூற்றிருபது ஆண்டு அனுபவத்தைப் பார்த்தால் அது தலைகீழாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தங்கும் அறையின் சாவி யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் போனவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதி இருக்கிறது. சம்பளம் குறைந்தால் சமாளிக்கலாம். வேலை போன அன்றே கூரையும் போனால் பேரம் பேசவே இடமிருக்காது.

இதற்கு மாறான ஒரு வழியும் நம் பக்கத்து மனிதர்களிடமே இருந்தது. செட்டிநாட்டு நகரத்தார் சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்திரீட்டில் நடத்திய கிட்டங்கிகள் அப்படிப்பட்டவை. நீளமான கூடத்தில் ஒவ்வொரு லேவாதேவிக் கடைக்கும் ஓரிடம், ஒரு தாழ்ந்த மேசை, ஒரு பெட்டகம். பகலில் அதுவே கடை, இரவில் பாயை விரித்தால் படுக்கை. சமையல் பொது. ஊரிலிருந்து முகவராகப் போனவர் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் குடும்பம் இல்லாமல் அங்கே இருந்துவிட்டுத் திரும்புவார். நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போதே இறங்கிப் படுக்கப்போகும் இடம் அவருக்குத் தெரியும். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய ‘ரஜூலா’ கப்பலில் அவரோடு பயணம் செய்த ஆயிரக்கணக்கான மற்றவர்களுக்கு அந்த நிம்மதி இருக்கவில்லை. கிட்டங்கி ஒரு சமூகத்துக்குள் மட்டுமே திறந்த கதவு. அதைப் பொற்காலமாகப் பேச நான் விரும்பவில்லை. தங்குமிடத்தை முதலில் கட்டிவிட்டுப் பிறகு ஆளை அனுப்பிய அந்த ஒழுங்கை மட்டும் குறித்துக்கொள்ளலாம். 1970-களில் சிங்கப்பூர் நகர மையத்தைப் புதுப்பித்தபோது அந்தக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன.

இன்றைக்குக் கப்பலின் இடத்தில் விமானம். திருச்சி விமான நிலையத்துக்கு 2012-இல் சர்வதேசத் தகுதி கிடைத்தது. ஸ்ரீரங்கம் கோபுரத்தை நினைவூட்டும் வண்ணங்களோடு கட்டிய புதிய முனையத்தை 2024 ஜனவரி 2-ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்தார். ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைக் கையாளும் அளவு கொண்டது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய், ஷார்ஜா என்று இங்கிருந்து நேராகப் போகும் ஊர்களின் பட்டியலைப் பார்த்தாலே லால்குடி, முசிறி, துறையூர், மணப்பாறைக்காரர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். இருதய ராஜன் முதலான ஆய்வாளர்கள் நடத்திய 2015-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டவரைச் சுமார் 22 லட்சம் என்று மதிப்பிட்டது. அதில் முதலிடம் சிங்கப்பூருக்கு. நான்கு மணி நேரத்தில் ஊர் வந்து சேரலாம், தாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் அன்று இரவே கிளம்பலாம் என்பது சிறிய காரணம் அல்ல. ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது திருச்சிக்காரர் போடும் கணக்கில் இது நியாயமாகவே முதல் வரியில் வருகிறது.

ஆனால் சிங்கப்பூர் என்பது ஒரே ஊர் அல்ல. கையில் இருக்கும் பாஸைப் பொறுத்து அது இரண்டு மூன்று ஊர்களாகப் பிரிந்துவிடுகிறது. ஸ்கில் டெஸ்ட் முடித்துக் கட்டுமானத்துக்கோ கப்பல் பட்டறைக்கோ வொர்க் பெர்மிட்டில் போகிறவருக்கு ஒரு சிங்கப்பூர். எஸ் பாஸ் வைத்திருப்பவருக்கு வேறொன்று. எம்ப்ளாய்மென்ட் பாஸில் போகும் மென்பொருள்காரருக்கு இன்னொன்று. சிங்கப்பூர் மக்களில் பெரும்பாலோர் வசிப்பது வீவக என்று அங்குள்ள தமிழர் சொல்லும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில். கட்டுமானம், கப்பல் பட்டறை, ஆலை, உற்பத்தித் துறைகளில் வொர்க் பெர்மிட்டில் இருக்கும் இந்தியர் அந்த வீடுகளில் வாடகைக்கு இருக்க முடியாது. அந்த அனுமதி மலேசியருக்கு மட்டும். ஆக, வீடு தேடும் வேலையே அவருக்கு இல்லை. முதலாளிதான் தங்குமிடம் தர வேண்டும் என்பது வொர்க் பெர்மிட்டின் நிபந்தனை. பெரும்பாலும் அது தீவின் ஓரங்களில் இருக்கும் டார்மிட்டரி. அவர் குடும்பத்தை அழைத்துக்கொள்ளவும் முடியாது. எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரர்களுக்கும் மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் வெள்ளியை எட்டினால்தான் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளும் தகுதி வருகிறது.

டார்மிட்டரிகளின் வரலாறு நம் ஊர் வீடுகளில் பேசப்பட வேண்டிய வரலாறு. 2013 டிசம்பர் 8-ஆம் தேதி இரவு, தேக்கா என்று நம்மவர் சொல்லும் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் எங்கே தங்குகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஏன் எல்லோரும் தேக்காவில் கூடுகிறார்கள் என்று சிங்கப்பூர் யோசிக்கத் தொடங்கியது. 1,000 அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் உள்ள விடுதிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று 2015-இல் ஒரு சட்டம் வந்தது. 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்தது கொரோனா. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் பொங்கோலில் இருந்த ஒரு பெரிய விடுதியும் தோ குவானில் இருந்த இன்னொன்றும் தனிமைப்படுத்தப்பட்ட பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. உள்ளே இருந்தவர் வெளியே வர முடியாது. விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 தொழிலாளர்களில் 47 சதவீதம் பேருக்கு அந்த ஆண்டு முடிவதற்குள் தொற்று வந்துபோயிருந்தது என்று அரசின் பரிசோதனைகளே காட்டின. நெருக்கமான அறை, பொதுக் கழிவறை, பொதுச் சமையலறை ஆகியவைதான் காரணம். நகரத்தின் மற்றப் பகுதியில் தொற்று அடங்கிய பிறகும் விடுதிகளில் அடங்கவில்லை. அந்த மாதங்களில் திருச்சி, புதுக்கோட்டை கிராமங்களில் எத்தனையோ குடும்பங்கள் வீடியோ அழைப்பில் அந்த அறைகளை முதன்முறையாகப் பார்த்தன. மகன் பல ஆண்டுகளாகப் படுத்திருந்த இரண்டடுக்குக் கட்டிலை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதன் விளைவாக 2021-இல் புதிய விடுதிகளுக்கான அளவுகள் வந்தன. ஓர் அறையில் 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் இடம். 6 பேருக்கு ஒரு கழிவறை, குளியலறை. பழைய விடுதிகள் படிப்படியாக மாற அவகாசம் உண்டு: இடைக்கால அளவுகளுக்கு 2030 வரை, இந்தப் புதிய அளவுகளுக்கு 2040 வரை. அதாவது இப்போதைக்குப் பழையதும் புதியதும் கலந்தே இருக்கின்றன. ஒரே சம்பளத்துக்குப் போகும் இருவரில் ஒருவருக்குப் புதிய விடுதியும் மற்றவருக்குப் பழைய விடுதியும் கிடைக்கலாம். அந்த வித்தியாசம், வேலைக்கான முதற்கட்ட அனுமதியாக வரும் ஐ.பி.ஏ. கடிதத்தில் இருக்கும் அடிப்படைச் சம்பளத்தில் தெரியாது. தங்குமிடத்துக்காகச் சம்பளத்தில் பிடித்தம் உண்டா என்பது அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். தொழிலாளருக்குப் புரியும் மொழியில் அதைக் கொடுக்க வேண்டும் என்பதும் விதி. அதைக் கிளம்புவதற்கு முன்பே கேட்டு வாங்கிப் படிப்பவர்கள் குறைவு. எந்த விடுதி, வேலை நடக்கும் இடத்துக்கு எவ்வளவு தூரம், சமைத்துக்கொள்ளலாமா அல்லது கேட்டரிங் சாப்பாடுதானா என்ற கேள்விகளைக் கேட்பவர்கள் அதைவிடக் குறைவு. கேட்டரிங் சாப்பாடு நள்ளிரவில் சமைத்து விடியற்காலையில் பொட்டலமாக வந்து மதியம் திறக்கப்படுவது என்பதை அனுபவித்தவர்கள் சொல்வார்கள். நாளெல்லாம் வெயிலில் உடம்பால் உழைப்பவருக்கு இது சம்பளத்துக்கு இணையான விஷயம்.

எஸ் பாஸிலோ எம்ப்ளாய்மென்ட் பாஸிலோ போகிறவருக்குச் சாவி அவர் கைக்கே வருகிறது. அதோடு தேடலின் பாடும் வருகிறது. சிங்கப்பூரில் தனியாக இருக்கும் நம்மவர் முதலில் எடுப்பது முழு வீடு அல்ல, ஓர் அறை. குளியலறை ஒட்டியிருந்தால் மாஸ்டர் ரூம், பொதுக் குளியலறை என்றால் காமன் ரூம். வீவக வீட்டை 6 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. தனியார் அடுக்குமாடியில் குறைந்தது 3 மாதம். அதனால் ஊருக்குப் புதிதாக வருகிறவர் இரண்டு வாரம் யாருடைய வீட்டிலாவது வாடகை கொடுத்துத் தங்கிவிட்டுத் தேடலாம் என்று நினைத்தால் அது சட்டப்படி சரியல்ல. ஹோட்டலோ ஹாஸ்டலோதான் வழி. உறவில்லாதவர்கள் ஒரு வீட்டில் 6 பேர் வரைதான் இருக்கலாம் என்று இருந்தது. வாடகை ஏறிய நெருக்கடியில் 2024 ஜனவரியிலிருந்து பெரிய வீடுகளுக்கு அது தற்காலிகமாக 8 ஆனது. அந்த எண்ணிக்கையைத் தாண்டி ஆட்களை வைத்திருக்கும் வீட்டில் அறை மலிவாகக் கிடைக்கும். சோதனை வந்தால் வெளியேற வேண்டியவர் வாடகைக்கு இருப்பவர்தான்.

வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். நான்கு ஆண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 சதவீதம், வழக்கமாக வாடகைக்கு வருபவர் கட்டுவது. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத முன்பணம், இரண்டாண்டுக்கு இரண்டு மாதம் என்பது அங்குள்ள வழக்கம். திருச்சியில் அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது குறைவாகத் தோன்றும். வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றலானாலோ ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்துக்கொள்ள ஒரு விதியைச் சேர்க்கச் சொல்லலாம். கேட்காதவருக்கு அது கிடைக்காது. வேலையோடு தங்கும் உரிமையும் போய்விடும் அயல்நாட்டவருக்கு அந்த ஒரு பத்திதான் ஒப்பந்தத்திலேயே முக்கியமானது. புரோக்கர் விஷயத்தில் சிங்கப்பூர் ஒரு நல்ல வசதி செய்திருக்கிறது: 2010 முதல் எல்லாச் சொத்து முகவர்களும் பதிவு செய்திருக்க வேண்டும், பெயரையோ கைபேசி எண்ணையோ போட்டு யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே முன்பணம் கேட்கும் ஆள் எந்த ஊரிலும் மோசடிக்காரர் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வலையில் விழுபவர்கள் பெரும்பாலும் இன்னும் விமானம் ஏறாதவர்கள்தான். இறங்கும்போது ஓர் அறை தயாராக இருக்க வேண்டும் என்ற பயம் அவர்களை அவசரப்படுத்துகிறது.

இதற்கெல்லாம் மேல், விதிகளில் எழுதப்படாத ஒரு நிபந்தனை இருக்கிறது. ‘இந்தியர்களுக்கு இல்லை’, ‘சீனாவிலிருந்து வந்தவர்களுக்கு இல்லை’ என்று சிங்கப்பூர் வாடகை விளம்பரங்களில் வெளிப்படையாகவே எழுதியிருந்ததை 2014-இல் பி.பி.சி. செய்தியாக வெளியிட்டது. முகவர்கள் அப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்று வழிகாட்டுதல் இருக்கிறது. விளம்பரத்தில் எழுதாவிட்டாலும் தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் ‘வீடு போய்விட்டது’ என்ற பதில் வருவதை அங்கே இருக்கும் நம்மவர் பலரும் சொல்வார்கள். காரணமாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் சமையல்: எண்ணெய், மசாலா வாசனை. ‘லைட் குக்கிங்’ மட்டும் என்ற நிபந்தனைக்குப் பொருள், தாளிக்கக் கூடாது என்பதுதான்.

இதைக் கேட்டுத் திருச்சியில் கோபப்படாதவர் இருக்க முடியாது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதே கோபத்தோடு ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு வீடு தேடிப் பார்க்க வேண்டும். கோயிலின் ஏழு திருச்சுற்றுகளில் வெளிச்சுற்றுகள் மக்கள் குடியிருக்கும் தெருக்கள். உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் புரோக்கரின் முதல் கேள்வி வாடகை எவ்வளவு கொடுப்பீர்கள் என்பது அல்ல, ‘நீங்க யாரு?’ என்பதுதான். அடுத்தது, சைவமா. அதற்கு அடுத்தது, ஃபேமிலியா, பேச்சிலரா. கோயிலைச் சுற்றிய தெருக்களில் மட்டும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. அம்மாமண்டபம் சாலையில் எழுந்திருக்கும் அடுக்குமாடிகளிலும், ஆற்றுக்கு இந்தப் பக்கம் தில்லைநகரிலும் கே.கே. நகரிலும் இந்தக் கேள்விகளை வேறு வேறு வரிசையில் கேட்கலாம். ‘லைட் குக்கிங்’ நிபந்தனையும் ‘சைவம் மட்டும்’ பலகையும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. ஒருவருடைய அடுப்பைக் காரணமாகச் சொல்லி அவருடைய பிறப்பை விலக்குகின்றன. வெளிநாட்டில் வீடு மறுக்கப்பட்ட மகன் ஸ்ரீரங்கத்தில் வாங்கிய வீட்டை, ‘நம்மவங்களுக்கு மட்டும்’ என்று சொல்லி அவனுடைய அப்பா வாடகைக்கு விடுவதை நான் பார்த்திருக்கிறேன். இருவரும் நல்லவர்கள். இரண்டுக்கும் உள்ள தொடர்பு அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

சட்டம் இதில் எதுவும் செய்ய முடியாது என்பது உண்மை அல்ல. கறுப்பினத்தவருக்கும் அயர்லாந்துக்காரருக்கும் வீடு இல்லை என்று ஜன்னலில் எழுதி வைத்திருந்த காலம் பிரிட்டனில் இருந்தது. 1968-ஆம் ஆண்டு இன உறவுகள் சட்டம் வீட்டு வாடகையில் பாகுபாட்டைத் தடை செய்தது. மனப்பான்மை ஒரே நாளில் மாறவில்லை. ஆனால் அந்தப் பலகைகள் சட்டவிரோதம் ஆயின. மறுக்கப்பட்டவருக்குப் புகார் செய்ய ஓரிடம் கிடைத்தது. இந்தியாவில் தனியார் வாடகையில் சாதி, மதப் பாகுபாட்டை நேரடியாகத் தடுக்கும் மத்தியச் சட்டம் கிடையாது. 2005-இல் ஒரு பார்சி கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் வழக்கில், உறுப்பினர்களைத் தன் சமூகத்தோடு நிறுத்திக்கொள்ளச் சங்கத்துக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுகதேவ் தோரட் முதலானோர் டெல்லி வட்டாரத்தில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு, வீடு தேடும் தலித்துகளும் முஸ்லிம்களும் பெயரைக் கொண்டே எப்படி வடிகட்டப்படுகிறார்கள் என்பதைக் காட்டியது. டெல்லியில் நடந்தது திருச்சியில் நடக்காது என்று நம்பக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வளைகுடா வேறு கதை. துபாயில் தனியாக இருப்பவர் எடுப்பது பெட் ஸ்பேஸ், ஓர் அறையில் ஒரு கட்டில். குடும்பத்தோடு போகிறவர் ஆண்டு வாடகையைப் பின்தேதியிட்ட காசோலைகளாக முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டும்; எத்தனை காசோலை என்பதே பேரத்தின் பொருள். ஒப்பந்தத்தை ‘எஜாரி’ முறையில் பதிவு செய்யாவிட்டால் மின்சாரம், தண்ணீர் இணைப்பு முதல் குடும்ப விசா வரை எல்லாம் சிக்கல். வாடகை குறைவென்று ஷார்ஜாவில் தங்கித் துபாயில் வேலை பார்ப்பவர்கள் மிச்சம் பிடிக்கும் பணத்தை இத்திஹாத் சாலையின் நெரிசலில் நேரமாகச் செலவழிக்கிறார்கள். அந்த ஷார்ஜாவிலும் குடும்பங்கள் வசிக்கும் பகுதிகளில் தனி ஆண்களைக் காலி செய்ய வைக்கும் சோதனைகள் நடக்கின்றன. ஊரைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சுக்கு இங்கே இடம் மிகவும் குறைவு. நிறுவனம் எங்கே இருக்கிறதோ, கட்டில் எங்கே மலிவோ, அங்கே.

உண்மையில் ஊரைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உள்ளவர்கள் மாணவர்கள். அவர்கள் அதைப் பயன்படுத்துவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். திருச்சியின் பொறியியல் கல்லூரிகளில் படித்துவிட்டு ஜெர்மனிக்குப் போகும் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தின் தரவரிசையைப் பார்க்கிறார்கள், நகரத்தைப் பார்ப்பதில்லை. விசாவுக்காக முடக்கக் கணக்கில் போட வேண்டிய பணம் 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ. மியூனிக்குக்குப் போனாலும் கெம்னிட்ஸுக்கோ மாக்டபுர்குக்கோ போனாலும் அதே தொகைதான். ஆனால் நாட்டிலேயே வாடகை உச்சத்தில் இருக்கும் மியூனிக்கில் அந்த 992 யூரோவில் பெரும்பகுதியை ஓர் அறையே விழுங்கிவிடும். கிழக்கு ஜெர்மனியின் சிறிய நகரங்களில் வாடகை போகச் சாப்பாட்டுக்கும் மிச்சம் இருக்கும். போதாக்குறைக்கு மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் கல்விக் கட்டணமும் வாங்குகிறது. கடன் வாங்கி அனுப்பும் ஸ்ரீரங்கத்துப் பெற்றோர் கேட்க வேண்டிய கணக்கு இது.

ஜெர்மனியில் வீடு இல்லாமல் எதுவும் நகராது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு, இன்னார் என் வீட்டில் குடியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். வரி எண், குடியிருப்பு அனுமதி என்று பிறகு வரும் ஒவ்வொன்றுக்கும் அந்தப் பதிவுதான் ஆதாரம். பதிவு செய்துகொள்ள அனுமதி இல்லை என்ற நிபந்தனையோடு வரும் மலிவான அறையை எடுத்தவர், படுக்க இடம் இருந்தும் முகவரி இல்லாதவராக நிற்பார். முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது, அதை மூன்று தவணையாகக் கட்டலாம் என்பது அந்நாட்டுச் சட்டம் தரும் உரிமை. மாணவர் நல அமைப்பின் விடுதிகளுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பிக்க வேண்டும். இங்கிலாந்தில் முன்பணம் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. கனடாவின் ஒன்டாரியோவில் கடைசி மாத வாடகையை மட்டும் முன்கூட்டி வாங்கலாம். சேதத்துக்கென்று தனியாக முன்பணம் கேட்பதே சட்டவிரோதம். இவை தெரியாத புதியவரிடம் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பவர் தமிழராகவும் இருக்கலாம்.

போனவர்கள் விட்டுச்சென்ற வீடுகளும் இந்தக் கணக்கில் வரும். ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவலிலும் வெளிநாட்டுப் பணத்தில் வாங்கிப் பூட்டியே கிடக்கும் அடுக்குமாடி வீடுகள் நிறைய. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்கியது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் சொன்னது. வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளருக்கு வாடகை கொடுப்பவர் 31.2 சதவீதம் வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்பது வருமான வரி விதி. வாடகைக்கு இருக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாமல் முழுத் தொகையையும் கொடுத்துவந்தவருக்குத்தான் நோட்டீஸ் வரும். இந்தத் தொந்தரவுக்குப் பயந்தே பலர் வீட்டைப் பூட்டி வைக்கிறார்கள். அதே தெருவில் வீடு கிடைக்காமல் அலைபவர்களும் இருக்கிறார்கள்.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அரசு நடத்தும் முன்புறப்பாட்டுப் பயிற்சி ஒன்று உண்டு. குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குப் போகும் தொழிலாளர்களை மனதில் வைத்தது அது. வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சிங்கப்பூர் இல்லை. ஆக, தமிழ்நாட்டிலிருந்து மிக அதிகமானோர் போகும் நாட்டுக்கே அந்தப் பாதுகாப்பு வலை எட்டுவதில்லை. சென்னையில் இருக்கும் அயலகத் தமிழர் நலத்துறை திருச்சியில் இதற்கென ஒரு மேசை போட்டு, தங்குமிடத்தைப் பற்றி மட்டும் ஒரு பக்கப் படிவம் தமிழில் கொடுக்க முடியும்: விடுதியின் பெயர், அறையில் எத்தனை பேர், சம்பளத்தில் பிடித்தம் எவ்வளவு, சமையலறை உண்டா, வேலை நின்றால் எத்தனை நாள் அங்கே இருக்கலாம். ஏஜென்டிடம் பணம் கட்டுவதற்கு முன் அதை நிரப்பி, கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும். முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. 2023 ஏப்ரலிலிருந்து 7 அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் உள்ள எல்லா விடுதிகளும் சிங்கப்பூரின் உரிமச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. பெயர் தெரிந்தால், அது உரிமம் பெற்ற இடம்தானா என்று திருச்சியில் உட்கார்ந்தபடியே விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம்.